குறுக்குக் கோடு விழாத பக்கங்கள்

என் மேசை இழுப்பறையில் இருநூறு பக்க நோட்டு ஒன்று கிடக்கிறது. அட்டையில் 2003 என்று ஆண்டு போட்டு, அதன் கீழே 'இயந்திரத்துக்குத் தெரியாதவை' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த வயதின் திமிர் அப்படி. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் வரைந்த ஒரு செஸ் நிலை. கீழே ஒரே ஒரு நகர்வு. பெரிய ஆட்டக்காரர் எவராவது ஆடிய நகர்வு. என் கணினியில் அப்போது இருந்த நிரல் இரவு முழுக்க யோசித்தாலும் அதைச் சொல்லக் கூடாது. நோட்டில் இடம்பிடிக்க அது ஒன்றுதான் தகுதி.

மொத்தம் 61 நிலைகள் சேர்ந்தன. புதிய நிரல் ஏதாவது கைக்கு வரும்போதெல்லாம் அத்தனையையும் முதலிலிருந்து கொடுத்துப் பார்ப்பேன். கண்டுபிடித்துவிட்டால் அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. சில பக்கங்களில் நீல மைக் கோடும் உண்டு. அந்த அவமானக் கதை பிறகு. இன்றைக்குக் கோடே விழாமல் மிஞ்சியிருப்பவை ஒன்பது.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க ஒன்று சொல்லிவிடுகிறேன். யானை என்று நான் எழுதுவது மூலையில் நிற்கும் காய். மந்திரி என்பது மூலைவிட்டத்தில் ஓடுவது. இதற்கு வேறு பெயர் வைத்து ஆடிப் பழகியவர்கள் மன்னிக்கவும். ஏ7, இ3 என்பவை கட்டங்களின் பெயர்கள்: வெள்ளையின் பக்கமிருந்து பார்த்தால், ஏ முதல் எச் வரையான எழுத்து இடமிருந்து எத்தனையாவது நெடுவரிசை என்பதையும், எண் கீழிருந்து எத்தனையாவது கட்டம் என்பதையும் சொல்லும்.

முதல் பக்கம் கார்ப்போவுக்கு. 1974, நீஸ் நகரில் நடந்த ஒலிம்பியாட். கார்ப்போவ் வெள்ளை. எதிரே மேற்கு ஜெர்மனியின் வொல்ஃப்காங் உன்சிக்கர். ரூய் லோபஸ் தொடக்கம். பலகையின் நடுப்பகுதி முழுக்கச் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு பூட்டிவிட்டன. திறந்திருப்பது இடது ஓரத்து ஏ வரிசை ஒன்றுதான். இரு தரப்பு யானைகளும் அங்கே ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. இப்படிப்பட்ட வரிசையில் வழக்கமாக என்ன நடக்கும் என்பது செஸ் ஆடும் எல்லோருக்கும் தெரியும்: யானைகள் வெட்டிக்கொள்ளும், பலகை காலியாகும், இருவரும் கைகுலுக்கி டிராவுக்கு ஒப்புக்கொள்வார்கள்.

24-வது நகர்வில் கார்ப்போவ் தன் மந்திரியை இ3-இலிருந்து ஏ7-க்குக் கொண்டுபோனார். எதிராளியின் யானை ஏ8-இல் நிற்கிறது. அதன் மூக்குக்கு நேரே போய் மந்திரி உட்கார்ந்துகொண்டது. பின்னால் ஏ2-இல் வெள்ளை யானை காவல் இருப்பதால் அதை வெட்டினால் கறுப்புக்குத்தான் நஷ்டம். அந்த மந்திரி எதையும் தாக்கவில்லை. யாரையும் மிரட்டவில்லை. வாசற்படியில் குறுக்கே படுத்துவிட்ட ஆளைப் போல ஏ வரிசையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அடைப்பு ஒருவருக்கு மட்டும்தான். மந்திரியின் முதுகுக்குப் பின்னால் வெள்ளை நிதானமாக இரண்டு யானைகளையும் ஏ வரிசையில் அடுக்கலாம். கறுப்பால் அந்தப் பக்கத்தை விட்டு அசைய முடியாது. அசைந்த மறுகணம் மந்திரி விலகும், வரிசை வெள்ளையின் கைக்குப் போய்விடும். இப்படிக் கறுப்புக் காய்களை ஒரு மூலையில் காவலுக்குக் கட்டிப்போட்டுவிட்டு, கார்ப்போவ் பலகையின் மறுகோடிக்குப் போனார். எஃப் சிப்பாயைத் தள்ளினார், எதிராளியின் ராஜாவைச் சுற்றியிருந்த வெள்ளைக் கட்டங்களைக் காத்த மந்திரியை மாற்றிக்கொண்டார், ராணியை எச்5 வழியாக ஜி6-க்கு நுழைத்தார். 44-வது நகர்வில் உன்சிக்கர் விட்டுக்கொடுத்தார். அதுவரை ஏ7 மந்திரி இருந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. திறக்கப்போகிறேன் என்று சொல்லிச் சொல்லியே, கடைசிவரை திறக்காத கதவால் வென்ற ஆட்டம் அது.

என் அன்றைய நிரலிடம் இந்த நிலையைக் கொடுத்தபோது அது யானைகளை மாற்றிக்கொள்ளச் சொன்னது. எனக்கு ஒரே கொண்டாட்டம். 'பார்த்தாயா, இதற்குப் புரியவில்லை' என்று நண்பரிடம் பீற்றிக்கொண்டேன். புரியவில்லை என்பதற்கு என்ன பொருள் என்று அன்று நான் யோசிக்கவில்லை.

நிரல் அந்த நகர்வைப் பார்க்காமல் இல்லை. விதிப்படி ஆடக்கூடிய முப்பது நாற்பது நகர்வுகளையும் ஒன்றுவிடாமல் அது பட்டியல் போடுகிறது. மனிதன்தான் பார்க்காமல் விடுவான். சிக்கல் பட்டியல் போட்ட பிறகு தொடங்குகிறது. எல்லா நகர்வுகளுக்கும் ஒரே ஆழத்தில் யோசிக்க நேரம் போதாது. ஆகவே நிரல் அவற்றை ஒரு வரிசையில் நிறுத்துகிறது. வெட்டும் நகர்வுகள் முன்னால் வரும். இதே மாதிரி நிலைகளில் முன்பு பலன் தந்தவை அடுத்து. எதையும் வெட்டாத, மிரட்டாத அமைதியான நகர்வுகள் வால்பகுதியில். வாலில் நிற்பவற்றை நிரல் குறைந்த ஆழத்துக்கு மட்டும் தோண்டிப் பார்க்கும். அந்த ஆழத்தில் நல்லது எதுவும் தட்டுப்படாவிட்டால் தள்ளிவிடும். அலுவலகத்தில் கடைசி ஆளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'நாளைக்கு வாருங்கள்' என்று சொல்லி அனுப்புவதைப் போல. கார்ப்போவின் மந்திரி போன்ற நகர்வுக்குப் பலன் பத்துப் பதினைந்து நகர்வுகள் கழித்துத்தான் தெரியும். அது எப்போதும் அந்தக் கடைசி ஆள்.

இன்னொரு சிக்கல் தராசு. தோண்டி முடித்த இடத்தில் யாருக்கு எவ்வளவு நன்மை என்று நிரல் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். 1950-இல் கிளாட் ஷானன் செஸ் நிரல் எழுதுவது எப்படி என்று எழுதிய கட்டுரையிலேயே அந்தத் தராசின் முதல் வடிவம் இருக்கிறது: ராணி 9, யானை 5, மந்திரி 3, குதிரை 3, சிப்பாய் 1. ஒரே வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரட்டைச் சிப்பாய்க்கும், பின்தங்கிய சிப்பாய்க்கும், தனித்துப்போன சிப்பாய்க்கும் அரைப் புள்ளி கழிவு. ஆடக்கூடிய நகர்வு ஒவ்வொன்றுக்கும் 0.1 கூட்டல். இது ஓர் எடுத்துக்காட்டுதான் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் நிரல்கள் எல்லாம் இந்தத் தராசுக்கே கூடுதல் படிக்கற்களைச் சேர்த்துக்கொண்டிருந்தன. 'இந்த வரிசை எனக்குத் திறக்கும், உனக்குத் திறக்காது' என்பதற்கு அதில் கல் கிடையாது.

1982-இல் இவான் பிராட்கோ, டேனி கோபெக் இருவரும் 24 நிலைகள் கொண்ட தேர்வு ஒன்றைத் தயாரித்தார்கள். பாதி நிலைகளில் விடை, வெட்டிச் சாய்க்கும் தந்திரம். மறுபாதியில் விடை, ஒரு சிப்பாயைச் சரியான நேரத்தில் நெம்புகோல் போலத் தள்ளுவது. நிலை ஒன்றுக்கு இரண்டு நிமிடம். நிரல்கள் முதல் பாதியில் தேறி இரண்டாம் பாதியில் தடுமாறின. நானும் அந்தத் தேர்வை எழுதியிருக்கிறேன். முதல் பாதியில் எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணை இங்கே சொல்வதாக இல்லை.

தராசின் கதையைச் சொன்னால் பெட்ரோசியானைச் சொல்லாமல் முடியாது. 1953, சூரிக் நகரில் உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டி. ரெஷெவ்ஸ்கி வெள்ளை. அவருடைய டி4, இ5 சிப்பாய்கள் ஜோடியாக முன்னேறக் காத்திருக்கின்றன. கறுப்பின் காய்கள் எல்லாம் தற்காப்பில் நெளிகின்றன. பெட்ரோசியானிடம் ஒரு குதிரை இருந்தது. அதை டி5-இல் நிறுத்திவிட்டால் அந்தச் சிப்பாய்கள் அங்கேயே செத்துவிடும். குதிரை நிற்பது சி6-இல். அங்கிருந்து டி5-க்குப் போக இ7 வழியாகப் போக வேண்டும். இ7-இல் சொந்த யானையே நிற்கிறது.

25-வது நகர்வில் அவர் அந்த யானையை ஒரு கட்டம் முன்னால் தள்ளினார், இ6-க்கு. அங்கே எதிராளியின் மந்திரி அதை வெட்டலாம். வெட்டட்டும் என்றார். யானை 5, மந்திரி 3. ஷானன் கணக்கில் இரண்டு புள்ளி காற்றில் போகிறது. ரெஷெவ்ஸ்கி உடனே வெட்டவில்லை, ஒரு நகர்வு பொறுத்து வெட்டினார். கறுப்பு திருப்பி வெட்டியபோது இ6-இல் ஒரு சிப்பாய் வந்து நின்றது. வெள்ளையின் இ5 சிப்பாய் அதில் முட்டி நின்றுபோனது. குதிரை டி5-இல் ஏறியது. அதை விரட்டியிருக்கக்கூடிய மந்திரி, யானையை வெட்டிய கணக்கில் பலகையை விட்டே போய்விட்டிருந்தது. நான்கு நகர்வுகளுக்குள் ரெஷெவ்ஸ்கி வாங்கிய லாபத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆட்டம் 41 நகர்வில் டிரா.

இதை நான் எத்தனை முறை பலகையில் வைத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. யானையைக் கொடுத்தது அல்ல என்னை ஈர்ப்பது. யானை நின்ற இடம்தான் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு கட்டம் காலியாக வேண்டும் என்பதற்காக அதில் குடியிருந்த யானையையே அனுப்பிவிட்டார். காய்களுக்கு விலை போட்டுவைத்திருக்கும் நிரல், காலியான கட்டத்துக்கு எந்தக் கணக்கில் விலை போடும்? அத்தனையும் செய்து கிடைத்தது டிராவுக்கான அரைப் புள்ளிதான் என்பதையும் நினைவில் வையுங்கள். திரும்பவும் அந்த இடத்துக்கு வருவேன்.

ஃபிஷரின் குதிரையும் நோட்டில் உண்டு. 1972 ரெய்க்யாவிக், ஸ்பாஸ்கியோடு உலகப் பட்டப் போட்டியின் மூன்றாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்று, இரண்டாவதற்கு வராமலே விட்டுக்கொடுத்து, 0–2 என்று நிற்கிறார். அதற்கு முன் ஸ்பாஸ்கியை ஒரு முறைகூட வென்றதில்லை. பார்வையாளர்கள் இல்லாத பின்னறையில் ஆடினார்கள். 11-வது நகர்வில் குதிரையை எச்5-க்கு, பலகையின் ஓரத்துக்கு, அனுப்பினார். வெட்டினால் தன் ராஜாவுக்கு முன்னால் இருக்கும் சிப்பாய் வரிசையே உடைந்து எச் வரிசையில் இரட்டையாகிவிடும். செஸ் கற்றுக்கொடுக்கும் முதல் வாரத்திலேயே செய்யாதே என்று சொல்லும் காரியம். ஸ்பாஸ்கி வெட்டினார். சில நகர்வுகளில் அந்த உடைந்த சிப்பாய் ஒரு குதிரையை வெட்டிக்கொண்டு ஜி4-க்கு வந்துவிட்டது. இரட்டை என்பதே இல்லாமல் போனது. ஷானன் கழித்த அரைப் புள்ளியைப் பலகையே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஃபிஷர் வென்றார்.

இப்போது கதை தலைகீழாகும் இடம். 1997 மே 4, நியூயார்க். ஐபிஎம்மின் டீப் புளூ, நொடிக்கு 20 கோடி நிலைகளை அலசும் இயந்திரம், உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராக இரண்டாவது ஆட்டம் ஆடுகிறது. 36-வது நகர்வில் அதன் ராணி பி6-க்குப் போய்ச் சிப்பாய்களை அள்ளியிருக்கலாம். காஸ்பரோவ் எதிர்பார்த்ததும் அதைத்தான். இயந்திரம் என்றால் பேராசை பிடித்தது, அள்ளும்போது எதிர்த்தாக்குதலுக்கு வழி கிடைக்கும் என்று காத்திருந்தார். அது அள்ளவில்லை. சிப்பாய்களை மாற்றிக்கொண்டு, அடுத்த நகர்வில் மந்திரியை இ4-இல் கொண்டுவந்து நிறுத்தியது. எதிர்த்தாக்குதலுக்கு இருந்த ஒரே சந்து அடைபட்டது. கார்ப்போவ் ஆடியிருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

காஸ்பரோவ் கைதட்டவில்லை. இதை இயந்திரம் ஆடியிருக்காது, பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகத்தில் அவர் மனம் குலைந்து, விட்டுக்கொடுக்க வேண்டியிராத நிலையில் விட்டுக்கொடுத்தார் என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். போட்டி 3.5–2.5 என்று இயந்திரத்தின் பக்கம் முடிந்தது. இயந்திரம் கண்டுபிடிக்காது என்று நாம் நம்பிய வகை நகர்வை அது கண்டுபிடித்தபோது, உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரே நம்ப மறுத்தார். என் நோட்டைத் தொடங்கும்போது இந்த ஆட்டம் நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதை நான் நோட்டில் சேர்க்கவில்லை. வசதியாக மறந்துவிட்டேன்.

நான் தொடங்கக் காரணமே வேறொரு ஆட்டம். 2003 நவம்பர், மறுபடியும் நியூயார்க், மறுபடியும் காஸ்பரோவ். எதிரே எக்ஸ்3டி ஃபிரிட்ஸ் என்ற நிரல். பலகையே கிடையாது; முப்பரிமாணக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, காற்றில் மிதக்கும் பலகையைப் பார்த்து நகர்வை வாயால் சொல்ல வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் இடது பக்கம் முழுக்கச் சிப்பாய்களைப் பூட்டி, சுவர் எழுப்பிவிட்டார். நிரலுக்கு இருந்த ஒரே வேலை வலது பக்கத்தில் எஃப் சிப்பாயைத் தள்ளுவது. பிராட்கோ–கோபெக்கின் அதே நெம்புகோல், இருபத்தோரு வருடம் கழித்து. நிரல் தள்ளவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் காய்களை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தது. காஸ்பரோவ் நிதானமாக மறுபக்கத்தில் வேலையை முடித்தார். போட்டி 2–2 என்று சமனில் முடிந்தாலும் எனக்கு அந்த ஆட்டம் மட்டும் போதுமாக இருந்தது. அன்று இரவே நோட்டை வாங்கினேன்.

2008-இல் நாகமுரா, ரிப்கா என்ற நிரலைச் சில நிமிட ஆட்டத்தில் இதே வழியில் வதைத்தார். பலகையை முற்றாகப் பூட்டிவிட்டுக் காத்திருந்தார். நிரல் தனக்கே நன்மை என்று நம்பிக்கொண்டு, ஐம்பது நகர்வு விதியால் (அத்தனை நகர்வுகளுக்கு எதுவும் வெட்டப்படாமல், சிப்பாயும் நகராமல் இருந்தால் டிரா) ஆட்டம் டிரா ஆகிவிடக் கூடாதென்று தானே சுவரை உடைத்துக்கொண்டு தோற்றது. 271 நகர்வுகள். கடைசியில் நாகமுரா சிப்பாய்களை ராணியாக்காமல் மந்திரிகளாக்கிக் கேலி வேறு செய்தார். இது வேடிக்கை, நகர்வின் அழகு இதில் இல்லை. நோட்டில் சேர்க்கவில்லை.

நோட்டின் நட்சத்திரம் எட்டாம் பக்கம். லினாரெஸ், 1998. டோபலோவ் வெள்ளை, ஷீரோவ் கறுப்பு. இறுதி ஆட்டம். கறுப்புக்கு இரண்டு சிப்பாய்கள் அதிகம். ஆனால் இருவரின் மந்திரிகளும் எதிரெதிர் நிறக் கட்டங்களில் ஓடுபவை. இப்படிப்பட்ட இறுதி ஆட்டங்களில் இரண்டு சிப்பாய் அதிகம் இருந்தும் வெல்ல முடியாமல் தலையில் அடித்துக்கொண்ட அனுபவம் எல்லோருக்கும் உண்டு. கறுப்பு ராஜா இ6-இல். அது இ4-க்குப் போய்விட்டால் ஏ4, டி5 சிப்பாய்களை ஓட்டிச் செல்லலாம். வெள்ளை ராஜா ஜி1-இலிருந்து அதைத் தடுக்க ஓடிவரும். ஒரே ஒரு நகர்வு வித்தியாசம். ராஜா போக வேண்டிய வழியில், எஃப்5-இல், கறுப்பின் சொந்த மந்திரி நிற்கிறது.

பெட்ரோசியானின் யானை நினைவுக்கு வருகிறதல்லவா? மந்திரி விலக வேண்டும். ஆனால் சும்மா விலகினால் வெள்ளை ராஜா முந்திக்கொள்ளும். 47-வது நகர்வில் ஷீரோவ் மந்திரியை எச்3-இல் வைத்தார். ஜி2 சிப்பாயின் வாயில். வெட்டலாம், இலவசம். வெட்ட ஒரு நகர்வு செலவாகும். அதற்குள் கறுப்பு ராஜா எஃப்5-க்கு வந்துவிடும். வெட்டாமல் ராஜா ஓடிவந்தால் மந்திரி ஜி2-வை எடுத்து மறுபடியும் அதே ஒரு நகர்வைச் சம்பாதித்துக்கொள்ளும். டோபலோவ் வெட்டினார். முழு மந்திரி ஒன்று குறைவாக இருந்தும் கறுப்பு ராஜா இ4, டி3, சி4, பி3 என்று நடந்துபோனது. ஆறு நகர்வில் ஆட்டம் முடிந்தது. இரண்டு சிப்பாய்களையும் ஒரே நேரத்தில் தடுக்க ஒற்றை மந்திரியால் ஆகவில்லை.

இது தந்திரம்தானே, காய்களுக்கு நல்ல இடம் தேடும் நிலை சார்ந்த நகர்வு எப்படி ஆகும் என்று ஒரு நண்பர் சண்டை போட்டார். காயைக் கொடுப்பதால் தந்திரம் போலத் தெரிகிறது. ஆனால் இதில் வலை இல்லை, பொறி இல்லை. ராஜா நல்ல கட்டத்துக்குப் போக வேண்டும் என்ற, கார்ப்போவ் பாணி ஆசைதான் இருக்கிறது. ஆசைக்குக் கொடுத்த விலைதான் அதிகம்.

அந்தக் காலத்து நிரல்களுக்கு இது எட்டவே இல்லை. ஹான்ஸ் பெர்லினர் 1973-இல் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்: தொடுவான விளைவு. நிரல் எவ்வளவு தூரம் தோண்டுகிறதோ அதுதான் அதன் தொடுவானம். அதற்கு அப்பால் உலகமே இல்லை. பெர்லினர் தபால் செஸ் உலக சாம்பியனாகவும் இருந்தவர்; ஒரே நிலையை வாரக்கணக்கில் உற்றுப்பார்த்துப் பழகியவருக்குத் தொடுவானத்தின் அருமை தெரியும். மந்திரி போவது தொடுவானத்துக்கு இந்தப் பக்கம். சிப்பாய் ராணியாவது அந்தப் பக்கம். கணக்கு நஷ்டத்தில்தான் முடியும். பின்னால் இயந்திரங்களின் வேகம் கூடியது, வீண் கிளைகளை வெட்டும் உத்திகள் கூர்மையாயின, தொடுவானம் தள்ளிப்போனது. இன்று இந்த நகர்வு இயந்திரத்துக்குப் புதிரே இல்லை. எட்டாம் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட அன்று உண்மையிலேயே எனக்கு வருத்தமாக இருந்தது.

இனி நீல மை.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் இருந்தது என்னுடைய சொந்த ஆட்டம். பெரியவர்களின் வரிசையில் நானும் ஒரு பக்கம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு போட்டியில், நல்ல இடத்தில் நின்ற குதிரையை எஃப்3-இலிருந்து இ1-க்குப் பின்வாங்கி, அங்கிருந்து டி3-க்குக் கொண்டுபோனேன். ஆழ்ந்த யோசனை என்று எனக்கு நினைப்பு. நிரல் அந்த நகர்வை ஒன்பதாவது இடத்தில் வைத்திருந்தது. பாவம், அதற்கு எங்கே இதெல்லாம் தெரியப்போகிறது என்று பரிவோடு சிரித்தேன். எதிராளி தோற்றார். பக்கம் நிரம்பியது.

பல வருடம் கழித்து ஒரு நாள், அதே பழைய நிரலிடம் 'சரி, இந்த நகர்வை ஆடினால் என்ன பதில் ஆடுவாய்' என்று கேட்டுப் பார்த்தேன். அதுவரை கேட்கவே தோன்றவில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. குதிரை விலகியதால் காவல் இழந்த சிப்பாய் ஒன்று, மூன்றே நகர்வில் பறிபோகும். நானும் பார்க்கவில்லை, எதிராளியும் பார்க்கவில்லை. அது பார்த்திருந்தது. தெரியாமல் ஒதுக்கவில்லை, தெரிந்தே ஒதுக்கியிருந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் அத்தனை பக்கங்களையும் மறுபடி சோதித்தேன். என்னுடையதோடு சேர்த்துப் பதினேழு நகர்வுகள் இப்படி இருந்தன. அவற்றில் சில புகழ்பெற்றவை; இரண்டு வியப்புக்குறிகளோடு அச்சாகிவந்தவை. வென்றவர் ஆடிய நகர்வு என்பதால் ஆழமானது என்று சொல்லப்பட்டு, அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்லி, நானும் பென்சிலால் வரைந்துவைத்தவை. எதிராளி சரியான பதிலைக் கண்டுபிடித்திருந்தால் அவற்றின் ஆழம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பதினேழுக்கும் நீலக் கோடு போட்டேன். சிவப்புக் கோடு இயந்திரத்தின் வெற்றி என்றால் இது என் தோல்வி.

2017 டிசம்பரில் டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்பாசீரோ என்ற நிரல் வந்தது பற்றி எல்லோரும் எழுதித் தள்ளிவிட்டார்கள், சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். அதற்கு யாரும் ராணி 9, யானை 5 என்று சொல்லிக்கொடுக்கவில்லை. விதிகளை மட்டும் கொடுத்தார்கள். தனக்குத்தானே ஆடிக் கற்றுக்கொண்டது. ஸ்டாக்ஃபிஷ் 8 நிரலோடு ஆடிய 100 ஆட்டங்களில் 28 வெற்றி, 72 டிரா. ஸ்டாக்ஃபிஷ் நொடிக்கு ஏழு கோடி நிலைகளைப் பார்த்தபோது இது பார்த்தது எண்பதாயிரம்தான். சிப்பாய்களைக் கொடுத்துவிட்டு எதிராளியின் காய்களை மூலையில் மூச்சுத்திணற வைத்த அந்த ஆட்டங்களைப் பார்த்தபோது, பெட்ரோசியான் இரவல் கொடுத்தது போல இருந்தது. 2020-இல் ஸ்டாக்ஃபிஷ்ஷும், ஆல்பாசீரோவைப் போல, தானே கற்கும் நரம்பு வலையை ஏற்றுக்கொண்டது. என் நோட்டில் மிஞ்சியிருந்த பக்கங்களில் பாதிக்குமேல் அந்த இரண்டு மூன்று வருடங்களில் கோடு விழுந்தவை. ஷானனின் தராசு ஓய்வு பெற்றுவிட்டது.

அப்படியானால் அந்த ஒன்பது?

ஐந்து, அரண்கள். எதிராளியிடம் எவ்வளவு காய் அதிகமிருந்தாலும் உள்ளே நுழைய வழியில்லாத நிலை. 2017-இல் பென்ரோஸ் நிறுவனம் வெளியிட்ட நிலை ஒன்று பலருக்கு நினைவிருக்கும்: கறுப்பிடம் ராணி, இரண்டு யானை, மூன்று மந்திரி, வெள்ளையிடம் ராஜாவும் நான்கு சிப்பாயும். கறுப்புக்கு மலையளவு நன்மை என்றன நிரல்கள். ஆனால் கறுப்பின் ராணியும் யானைகளும் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் சிறைப்பட்டிருக்கின்றன. மூன்று மந்திரிகளும் கறுப்புக் கட்டத்தில் மட்டும் ஓடுபவை. வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களில் உலாவிக்கொண்டிருந்தால் போதும், டிரா. குழந்தைக்கும் காட்டிவிடலாம். 'எப்போதும் எதுவும் மாறாது' என்பதை ஒரு பார்வையில் உணர்வது வேறு, ஒவ்வொரு கிளையாக ஏறி இறங்கி எதுவும் மாறவில்லை என்று சரிபார்ப்பது வேறு. இதைச் செயற்கையாக அமைத்த நிலை என்று ஒதுக்கலாம். என்னுடைய ஐந்தும் உண்மையான ஆட்டங்களில் வந்தவை.

மற்ற நான்கைப் பற்றித்தான் எனக்கு இன்னும் தீர்மானம் இல்லை. இவற்றில் இயந்திரம் தவறவில்லை. ஆறேழு நகர்வுகளைக் காட்டி எல்லாவற்றுக்கும் 0.00 என்கிறது. சமநிலை, எதை ஆடினாலும் சரி. அதன் கணக்கில் உண்மைதான், ஏனென்றால் அடுத்து வரும் நாற்பது நகர்வுகளிலும் அது தவறாது, எதிராளியும் தவறமாட்டார் என்று வைத்துக்கொள்கிறது. பலகைக்கு முன்னால் ஐந்தாவது மணிநேரத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அந்த ஏழும் ஒன்றல்ல. ஆறு நகர்வுகள் அவருக்கு எளிய டிராவைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும். ஏழாவது, அவரை ஒவ்வொரு நகர்விலும் ஒரே ஒரு சரியான பதிலைத் தேடவைக்கும். பெட்ரோசியானின் யானையால் விளைந்தது அரைப் புள்ளிதான் என்றேனே; ரெஷெவ்ஸ்கிக்கு அன்று இருந்த வேலை எவ்வளவு எளிதாக இருந்தது, எவ்வளவு கடினமாகியது என்பதை எந்த எண் சொல்லும்? சமநிலை என்று எல்லோரும் எழுந்துபோன பிறகும் கார்ல்சன் மணிக்கணக்கில் உட்கார்ந்து வென்ற ஆட்டங்கள் இந்த ஏழாவது நகர்வால் ஆனவை. இதை இயந்திரத்தின் குறை என்று எழுதுவதா, கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை என்று விட்டுவிடுவதா என்று தெரியாமல் அந்த நான்கு பக்கங்களின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கோடு போடவில்லை.

நேற்று இரவு அரண்களில் ஒன்றை, ஐம்பத்திரண்டாம் பக்கத்தை, புதிய நிரலிடம் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனேன். வெள்ளைக்கு ஒரு யானை குறைவு. ராஜா ஜி1, எச்1 என்று இரண்டு கட்டங்களில் மாறி மாறி நின்றால் போதும், உலகம் உள்ள வரை டிரா. படுக்கும்போது திரையில் கறுப்புக்கு 2.87 சாதகம் என்று இருந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். இரவெல்லாம் விசிறி இரைந்து அறையே சூடேறியிருந்தது. 2.91.